தையல் மோட்டாரும் மறதி நோயும்

(நமது அறக்கட்டளையின் இலவசத் தையல் வகுப்பு நிறைவு நிகழ்ச்சியில், அஸர் தொழுகைக்குப் பின் செயலாளர் ஆற்றிய உரை)

 

இன்று பள்ளிச் சீருடை ஆர்டர் பிடிப்பது பற்றியும், வங்கிக் கடன் வாங்கும் முறை பற்றியும் பேசுவதாக இருந்தோம். குறிப்பு கூட எழுதி வைத்திருந்தோம். அதை அடுத்த மாத இதழில் போட்டுவிடலாம். இன்று வேறொன்றைப் பேசியே ஆக வேண்டியிருக்கிறது.

மூன்று வாரத்திற்கு முன் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. பெரும்பாலோர் கேட்டிருப்பீர்கள். கரண்டில் ஓடும் தையல் மெஷினிலிருந்து காந்த அலை வருகிறது, அது மூளையைத் தின்றுவிடும், அல்சைமர் என்ற மறதி நோய் தையல்காரப் பெண்களுக்குத்தான் வருகிறது, வெளிநாட்டில் நிரூபித்துவிட்டார்கள், டவர் லைன் பக்கத்தில் வீடு இருந்தால் உடனே காலி செய்யுங்கள் என்று ஒருவர் பதறிப் பதறிப் பேசுகிறார். அதை அனுப்பியவர் நம் நிர்வாகிகளில் ஒருவர். நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினார். குழுவை நடத்துகிற நாங்களும் நாலு நாள் அதை அப்படியே விட்டுவைத்தோம். ஒரு செய்தி வந்தால் விசாரித்துக்கொள்ளுங்கள் என்ற கட்டளை சூரத்துல் ஹுஜுராத்தில் இருப்பதை மேடையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். எங்கள் கைபேசிக்கு வந்தபோது மறந்துவிட்டோம்.

விளைவு என்ன? நாம் கொடுத்த மெஷின்களில் மூன்று பேர் மோட்டாரைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டார்கள். அதில் ஒரு சகோதரி இருபது வருடமாக ஜாக்கெட் தைத்து மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். திரும்பப் பெடல் மிதிக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே முழங்கால் வலி. ஒரு நாளைக்கு ஆறு ஜாக்கெட் தைத்தவர் மூன்றோடு நிறுத்திக்கொண்டார். விசாரிக்கப் போன நம் பெண் உறுப்பினர்களிடம் பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார். வருமானம் பாதியானதால் சர்க்கரை மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொள்கிறாராம்.

மறதி நோய்க்குப் பயந்து மோட்டாரைக் கழற்றினார். மறதி நோய்க்கு வழி விடுகிற சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைக் குறைத்துக்கொண்டார். அவர் மீது ஒரு குற்றமும் இல்லை. அந்தப் பயத்தை அவர் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தவர்கள் நாங்கள். ஆகவே பதில் சொல்ல வேண்டியவர்களும் நாங்கள்தான்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். அந்தக் குரல் பதிவு முழுப் பொய்யல்ல. முழுப் பொய்யாக இருந்தால் இரண்டு வரியில் மறுத்துவிட்டுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பியிருப்போம்.

1995-ல் யூஜின் சோபெல் என்ற ஆய்வாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பின்லாந்திலும் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸிலும் அல்சைமர் நோயாளிகளை எடுத்துக்கொண்டு, வாழ்நாளில் அவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்று விசாரித்தார்கள். நோய் இல்லாதவர்களிடமும் அதையே விசாரித்தார்கள். மின்சாரத்தால் உண்டாகும் காந்தப்புலத்தில் அதிகம் இருந்து வேலை செய்தவர்கள் நோயாளிகள் பக்கத்தில் ஏறத்தாழ மூன்று மடங்கு கூடுதலாகத் தெரிந்தார்கள். அந்த வேலைகளில் முதலிடத்தில் இருந்தது எது என்றால், தையல்தான். தையல்காரிகள், உடை தைப்பவர்கள், டெய்லர்கள். மெஷினின் மோட்டார் உடம்புக்கு மிக அருகில், நாள் முழுக்க ஓடுகிறது அல்லவா? அடுத்த வருடமே கலிஃபோர்னியாவில் இன்னொரு மருத்துவமனை நோயாளிகளை வைத்துப் பார்த்தபோதும் அதே போக்கு வந்தது.

குரல் பதிவுக்காரர் இதைத்தான் எங்கோ கேட்டிருக்கிறார். ஆனால் அந்த ஆய்வு வெளிவந்து முப்பது வருடம் ஓடிவிட்டது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை அவர் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் இந்தக் காந்தப்புலம் என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம். பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் போட்டுவிட்டு வாயை அடைத்து வைத்தால் தண்ணீர் ஓடாது, ஆனால் குழாய்க்குள் அழுத்தம் இருக்கும். திறந்துவிட்டால் தண்ணீர் ஓடும். மின்சாரமும் அப்படித்தான். அழுத்தம் இருந்தாலே மின்புலம் உண்டு. மின்னோட்டம் ஓடும்போதுதான் காந்தப்புலம். மின்புலத்தைச் சுவரும் மரமும் பெருமளவு தடுத்துவிடும். காந்தப்புலம் சுவரையும் தாண்டும், உடம்பையும் தாண்டும். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று வீதம் திசை மாறி மாறி ஓடுகிறது. அதனால் காந்தப்புலமும் அதே 50 கணக்கில் மாறுகிறது. இதைக் குறைந்த அதிர்வெண் காந்தப்புலம் என்கிறார்கள். செல்போன் டவர் அலை இதுவல்ல. அது வினாடிக்குப் பல கோடி முறை அதிரும். அந்தக் குரல் பதிவில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருந்தார்கள்.

2018, 2019-ல் ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கம் விவசாயிகள் உயர்மின் கோபுரங்களை எதிர்த்துப் போராடியது நினைவிருக்கும். கம்பிக்குக் கீழே நின்று கையில் டியூப்லைட்டைப் பிடித்தால் ஒயர் இல்லாமலே அது மினுங்குவதைக் காட்டினார்கள். பார்த்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். அது கண்கட்டு வித்தையும் இல்லை. ஆனால் அந்த விளக்கை மினுங்க வைப்பது மின்புலம். வீட்டுக்குள் வந்தால் அதன் பெரும்பகுதியைச் சுவர் தடுத்துவிடும். அல்சைமர் ஆய்வுகள் பேசுவது மற்றதை, காந்தப்புலத்தை. அந்த விவசாயிகள் கேட்ட நிலமும் நஷ்டஈடும் நியாயமா என்பது தனிக் கேள்வி. பதில் சொல்ல டியூப்லைட் தேவையில்லை, நிலத்தின் விலை தெரிந்தால் போதும்.

காந்தப்புலத்தை மைக்ரோடெஸ்லா என்ற அளவில் சொல்வார்கள். பெரிய மின்கம்பி வழிக்கு நேர் கீழே நின்றால் சுமார் 20 மைக்ரோடெஸ்லா வரை இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இப்போது நம் வீட்டுச் சாமான்களைப் பாருங்கள். இஸ்திரிப் பெட்டியை மூன்று சென்டிமீட்டர் நெருக்கத்தில் அளந்தால் 8 முதல் 30 வரை. அதையே முப்பது சென்டிமீட்டர், அதாவது ஓர் அடி தள்ளி அளந்தால் 0.12 முதல் 0.3 வரைதான். டியூப்லைட்டும் அப்படித்தான். மூன்று சென்டிமீட்டரில் 40 முதல் 400 வரை காட்டுவது, ஓர் அடி தள்ளினால் 0.5 முதல் 2 வரை இறங்கிவிடுகிறது. ஓர் அடித் தூரம் எவ்வளவு வேலை செய்கிறது பார்த்தீர்களா? அந்த ஓர் அடியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவோம்.

சர்வதேச அமைப்பு ஒன்று 2010-ல் பொதுமக்களுக்கு வைத்த வரம்பு 200 மைக்ரோடெஸ்லா. அப்படியானால் கவலையே இல்லை என்று சிலர் சொல்லிவிடுவார்கள். அதுவும் அவசரப் பேச்சு. அந்த வரம்பு நரம்புகளில் உடனடியாக ஏற்படும் பாதிப்பைக் கணக்கில் வைத்துப் போட்டது. இருபது வருடம் தைத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அது பதில் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர்கள் பலர். சுவிட்சர்லாந்தில் 47 லட்சம் பேரின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். 2009-ல் வெளிவந்தது. 220 முதல் 380 கிலோவோல்ட் வரையிலான கம்பிக்கு 50 மீட்டருக்குள் 15 வருடமும் அதற்கு மேலும் குடியிருந்தவர்கள் அல்சைமரால் இறப்பது, தூரத்தில் இருந்தவர்களைப் போல இரண்டு மடங்காகத் தெரிந்தது. 50 மீட்டரைத் தாண்டிய வீடுகளில் அப்படி எதுவும் தெரியவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அத்தனை லட்சம் பேரிலும் கம்பிக்கு அவ்வளவு அருகில் குடியிருந்து அல்சைமரால் இறந்தவர்கள் மிகச் சிலர். சில பேரை வைத்துச் சொல்லும் கணக்கு எந்தப் பக்கமும் சாயும்.

பிறகு டென்மார்க்கில் அதே கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். 1994 முதல் 2010 வரை மறதி நோய் கண்டறியப்பட்டவர்களை வைத்துப் பார்த்தார்கள். கம்பிக்கு 50 மீட்டருக்குள் இருந்தவர்களுக்கும் தூரத்தில் இருந்தவர்களுக்கும் மொத்தத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2013-ல் வெளியிட்டார்கள். சுவிட்சர்லாந்து முடிவை அது உறுதிப்படுத்தவில்லை.

வேலையிடத்துக் கணக்கு கொஞ்சம் வேறு மாதிரி. 2018-ல் சில ஆய்வாளர்கள் அதுவரை வந்த 20 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வேலையில் காந்தப்புலம் அதிகம் உள்ளவர்களுக்கு அல்சைமர் வாய்ப்பு 63 சதவீதம் கூடுதலாகத் தெரிகிறது என்றார்கள். கூடவே ஓர் எச்சரிக்கையும் வைத்தார்கள். தொடர்பு உண்டு என்று கண்ட ஆய்வுகள் எளிதாக அச்சேறி, இல்லை என்று கண்டவை பெட்டிக்குள் தங்கிவிட்டிருக்கும் அறிகுறி இருக்கிறது என்பதுதான் அது.

நம் பெண்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு நுணுக்கமும் உண்டு. அந்தக் காலத்துப் பின்லாந்திலும் சரி, நம் ஊரிலும் சரி, தையல் வேலைக்கு யார் போனார்கள்? பெரும்பாலும் படிப்பைப் பாதியில் விட்ட ஏழை வீட்டுப் பெண்கள். சிறு வயதில் படிப்பு குறைந்தவர்களுக்கு முதுமையில் மறதி நோய் அதிகம் வருகிறது என்பது இன்று உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். அப்படியானால் அவர்களைத் தொட்டது மோட்டாரின் காந்தமா, எட்டாம் வகுப்போடு நிறுத்திய பள்ளிக்கூடமா? ஆய்வாளர்கள் படிப்பைத் தனியாகக் கழித்துப் பார்க்க முயல்கிறார்கள். ஆனால் ஒரு மனிதரின் எழுபது வருட வாழ்க்கையில் எல்லாவற்றையும் கழித்துவிட முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 2007-ல் எல்லாவற்றையும் திரட்டிப் பார்த்துவிட்டு, காந்தப்புலத்துக்கும் அல்சைமருக்கும் தொடர்பு உண்டென்று சொல்லச் சான்று போதாது என்று எழுதியது. அதற்குப் பின் வந்தவை சந்தேகத்தை முழுசாகத் தீர்க்கவும் இல்லை, குற்றத்தை நிரூபிக்கவும் இல்லை. எங்கள் புரிதலில் நிலைமை இதுதான்: கூடுதல் ஆபத்து இருந்தாலும் அது சிறியது, மெஷினோடு மிக நெருங்கி நெடுங்காலம் வேலை செய்தவர்கள் வரைதான் அந்தச் சந்தேகம் எட்டுகிறது.

இப்படி உறுதி இல்லாத விஷயத்தில் என்ன செய்வது? காசு செலவில்லாத எச்சரிக்கையைச் செய்துகொள்வோம். காசையும் பிழைப்பையும் கெடுக்கும் எச்சரிக்கையை விட்டுவிடுவோம். நம் வகுப்பில் இனிமேல் இப்படிச் செய்யப்போகிறோம். மோட்டார் எந்தப் பக்கம் பொருத்தியிருக்கிறது என்று பார்த்து, உடம்பை அதன் மேல் சாய்க்காமல் உட்காரச் சொல்லித்தருவோம். அந்த ஓர் அடியைத்தான் சொல்கிறோம். தைக்காத நேரத்தில் சுவிட்சை அணைத்துவிட வேண்டும், ஓடாத மோட்டாரில் காந்தம் இல்லை. கைக்குழந்தையின் தொட்டிலை மெஷின் ஓரத்தில் கட்ட வேண்டாம். வீட்டில் இன்வெர்ட்டரோ மெயின் போர்டோ இருக்கிற சுவரில் தலைமாட்டை வைத்துப் படுக்கிறவர்கள் கட்டிலைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவுதான். இதற்கு மேல் கருங்கல் மாலை, செம்புத் தகடு, காந்தத் தடுப்பு ஸ்டிக்கர் என்று எதையாவது விற்க யார் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். காந்தப்புலம் சுவரையே தாண்டும் என்றோம். ஸ்டிக்கர் எம்மாத்திரம்?

டவர் லைன் பற்றியும் இரண்டு வார்த்தை. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் கம்பிக்கு அடியிலோ ஒட்டியோ கட்டாதீர்கள். உயர்மின் வழிக்குக் குறிப்பிட்ட அகலத்துக்கு இடம் விட வேண்டும் என்பது விதி. மனை விற்கிறவர் அதைச் சொல்ல மாட்டார். ஆனால் அந்தக் கம்பி நம் ஆட்களைக் கொல்வது மறதியால் அல்ல. தேங்காய் பறிக்க இரும்புத் தொரட்டியைத் தூக்கும்போது, போர் குழாயை நிமிர்த்தும்போது, கம்பியில் பட்டோ கம்பியை நெருங்கியோ ஒரு நொடியில் உயிர் போகிறது. காந்த அலைக்குப் பயப்படுகிற வீட்டில் இரும்புத் தொரட்டி சுவரில் சாய்ந்து நிற்பதை நாங்களே பார்த்தோம்.

இனி, இன்று இதைப் பேசியே தீர வேண்டும் என்று முடிவு செய்ததற்கான காரணம். சம்பந்தப்பட்ட குடும்பத்தின் அனுமதி வாங்கிக்கொண்டுதான் சொல்கிறோம். பெயர் சொல்லவில்லை. இந்த ஊரில் பெயர் சொல்லாவிட்டால் மட்டும் தெரியாதா என்று சிலர் சிரிக்கலாம். தெரிந்தவர்கள் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாமல் இருப்பது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் உதவி.

ஊர் ஓரத்தில், வயலை ஒட்டிய வீடு. சற்றுத் தள்ளி டவர் லைன் போகிறது. மகன் சவூதியில். வீட்டில் அவருடைய அம்மாவும் மனைவியும் ஒரு பிள்ளையும். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, ரமலானில் தெருவுக்கே கஞ்சி காய்ச்சிய கை. ஒருநாள் தன் இரண்டு வளையலை மருமகள் திருடிவிட்டாள் என்றார். மருமகள் மறுத்தார். மாமி விடவில்லை. போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். விஷயம் ஜமாஅத்துக்கு வந்தது. அந்தப் பஞ்சாயத்தில் நாங்களும் உட்கார்ந்திருந்தோம். வயதான தாய் பொய் சொல்ல மாட்டார் என்று ஒரு பக்கம். வளையலைக் கொடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று சமாதானம் பேசினோம். எடுக்காத வளையலை அந்தப் பெண் எங்கிருந்து கொடுப்பார்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனவர் ஏழு மாதம் திரும்பவில்லை.

வளையல் அரிசி டிரம்மின் அடியில் கிடைத்தது. அப்போதாவது எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். தொழுகையில் ரக்அத் எத்தனை என்று தெரியாமல் அவர் தொழுதுகொண்டே இருந்ததை, பால் அடுப்பில் கருகியதை, ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டதைப் பக்கத்து வீட்டார் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். வயசாகிவிட்டது என்றார்கள் சிலர். செய்வினை என்றார்கள் சிலர். டவர் லைன் காந்தம் என்ற பேச்சு சவூதி வரை போனது. மகன் பயந்து, அம்மாவை உடனே அந்த வீட்டிலிருந்து மாற்றச் சொன்னார். ஒரு வாடகை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

மறதி நோய் உள்ளவருக்குப் பழகிய வீடுதான் பாதி நினைவு. கிணறு எந்தப் பக்கம், கழிப்பறை எந்தப் பக்கம் என்பதைக் கால் நினைவு வைத்திருக்கும். புது வீட்டில் அதுவும் போனது. இரண்டாம் நாள் பஜ்ருக்கு முன்பே கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டார். நாலு வழிச் சாலையின் நடுத்திட்டில் நின்றுகொண்டிருந்தவரை ஒரு லாரி டிரைவர் பார்த்து வண்டியை நிறுத்திக் கைப்பிடித்து அழைத்து வந்தார். அல்லாஹ் காப்பாற்றினான்.

அதன் பிறகுதான் மதுரை பெரியாஸ்பத்திரி நரம்பியல் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எடுத்து அல்சைமர் என்றார்கள். பல வருடமாகக் கட்டுப்படாத ரத்த அழுத்தமும் இருந்தது. நகையைத் திருடிவிட்டார்கள் என்று பழி சொல்வது இந்த நோயில் அடிக்கடி காணப்படும் அறிகுறி என்று மருத்துவர் சொன்னார். வைத்த இடம் மறந்துபோகிறது, மறந்தது என்பதும் மறந்துபோகிறது, அப்போது மனம் கண்ணுக்குத் தெரிகிற ஆளைக் காரணமாகக் காட்டுகிறது. பெரும்பாலும் அது பக்கத்தில் இருந்து சோறு போடுகிற ஆளாகவே இருக்கும்.

அந்த மருமகள் திரும்பி வந்துவிட்டார். பழைய வீட்டுக்கே எல்லோரும் போய்விட்டார்கள், டவர் லைன் அங்கேயேதான் இருக்கிறது. மாமியைக் குளிப்பாட்டுவதும் ஊட்டிவிடுவதும் இப்போது அவர்தான். ஜமாஅத் சார்பில் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. டீ கொடுத்தார்.

இனி மாமியார் மருமகள் மீது திருட்டுப் பழி சொல்லி ஒரு வழக்கு ஜமாஅத்துக்கு வந்தால், சொல்பவர் அறுபதைத் தாண்டியவராக இருந்தால், பஞ்சாயத்துக்கு முன்னால் மருத்துவரிடம் அனுப்புவது என்று நிர்வாகக் குழுவில் முடிவெடுத்திருக்கிறோம். மினிட் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் அறுபது வயது கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், மொத்தம் சுமார் 88 லட்சம் பேர் மறதி நோயோடு வாழ்கிறார்கள் என்று 2023-ல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. ஆண்களை விடப் பெண்களுக்கு அதிகம், நகரத்தை விடக் கிராமத்தில் அதிகம். ஒரு மஹல்லாவில் 150 முதியவர்கள் இருந்தால் பதினொரு பேர். அந்தப் பதினொரு பேர் நம் ஊரில் எங்கே? நமக்குத் தெரிந்து மருத்துவரிடம் போனவர்கள் இரண்டு பேர்.

1906-ல் ஜெர்மனியில் அலோய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர், தான் கவனித்து வந்த ஒரு பெண்ணின் மூளையை அவர் இறந்த பிறகு ஆராய்ந்து இந்த நோயை விவரித்தார். மூளையில் தேவையில்லாத புரதப் படிவுகள் சேர்ந்திருந்தன. அந்தப் படிவுகள் சேர ஆரம்பிப்பது மறதி வெளியே தெரிவதற்குப் பதினைந்து இருபது வருடத்துக்கு முன்பே என்று இப்போது தெரிந்திருக்கிறது. எழுபதில் வரும் நோய் ஐம்பதில் தொடங்குகிறது. இந்த மண்டபத்தில் ஐம்பதைத் தொட்டவர்கள், எங்களையும் சேர்த்து, கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள்.

2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, மறதி நோய்க்கு வழிவிடும், நம்மால் மாற்றக்கூடிய காரணங்கள் பதினான்கு என்று பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால் உலகில் மறதி நோயில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. காந்தப்புலம் அந்தப் பதினான்கில் இல்லை. இருப்பவை என்ன? குறைந்த படிப்பு, காது கேளாமை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, குடி, உடல் பருமன், உடலுழைப்பு இல்லாமை, தலைக்காயம், மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு, பார்வைக் குறைவு. ஒவ்வொன்றையும் நம் தெருவில் வைத்துப் பார்க்க நேரமில்லை. இரண்டை மட்டும் சொல்கிறோம்.

காது. நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் காது மந்தமானால் நாம் சத்தம் போட்டுப் பேசுகிறோம், பிறகு பேசுவதையே விட்டுவிடுகிறோம். அவர் மூலையில் உட்கார்ந்து தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருப்பார். பக்தியாக இருக்கிறார் என்று சந்தோஷப்படுகிறோம். யாரும் பேசாததால் தஸ்பீஹைக் கையில் எடுத்தவராகவும் இருக்கலாம். காது கேளாமையும் தனிமையும் சேர்ந்து மூளையை வேலையில்லாமல் வைத்துவிடுகின்றன. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மூலம் காதொலிக் கருவி இலவசமாகக் கிடைக்கிறது. விண்ணப்பம் எழுதித்தர நாங்கள் இருக்கிறோம். கருவி மாட்டுவது கௌரவக் குறைவு என்று நினைப்பவர்கள், கண்ணாடி போடுவதை அப்படி நினைப்பதில்லையே! கண்ணுக்கு மதுரையில் அரவிந்த் மருத்துவமனை 1976 முதல் இருக்கிறது. அவர்கள் முகாமுக்கு நம் ஊரிலிருந்து ஆட்களை அனுப்பியிருக்கிறோம். காதுக்கு இதுவரை ஒருவரையும் அனுப்பவில்லை என்பது இந்த உரைக்குக் குறிப்பு எழுதும்போதுதான் எங்களுக்கே தெரிந்தது.

அடுத்தது ரத்த அழுத்தமும் சர்க்கரையும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வாங்கி வைத்துக்கொண்டு போடாமல் இருக்கும் வீடுகள் நிறைய. கொஞ்சம் நன்றாக இருக்கிறது என்று நிறுத்திவிடுகிறார்கள். பிரஷர் மாத்திரையை நிறுத்தியதன் பலன் அன்றைக்கே தெரியாது.

மறதி கண்டவர்களை மருத்துவரிடம் கொண்டுபோய் என்ன பயன், இதற்குத்தான் மருந்தில்லையே என்று ஒரு பெரியவர் கேட்டார். முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லை என்பது உண்மை. ஆனால் மறதியெல்லாம் அல்சைமர் அல்ல. தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு, விழுந்ததில் தலைக்குள் ரத்தம் கட்டியது, சில மாத்திரைகளின் பக்கவிளைவு ஆகியவையும் மறதியாகவே வரும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். எது என்று சோதித்தால்தானே தெரியும்? அல்சைமராகவே இருந்தாலும் சிலருக்குச் சில காலம் நினைவைத் தாங்கிப்பிடிக்கும் மாத்திரைகள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, இது நோய் என்று தெரிந்துவிட்டால் மருமகள் திருடி ஆக மாட்டாள்.

முதலில் மேலூர் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். அங்கிருந்து மதுரைக்கு எழுதித்தருவார்கள். கவனித்துக்கொள்கிற பெண்களுக்கே மனம் உடைந்துபோகும் நேரம் வரும். 14416 என்ற டெலிமனாஸ் எண்ணில் தமிழில் பேசலாம், காசு கிடையாது. முதியோர் உதவிக்கு 14567. இரண்டு எண்ணையும் இந்த மண்டபச் சுவரில் பெரிதாக எழுதப்போகிறோம்.

தொழுகை பற்றி ஒரு சகோதரி சீட்டு எழுதி அனுப்பியிருந்தார். என் தாய்க்கு ரக்அத் நினைவில்லை, திருத்தினால் அழுகிறார், பாவம் யாருக்கு என்று கேட்டிருக்கிறார். அறிவு தவறியவர் மீது தொழுகைக் கடமை இல்லை என்பது ஃபிக்ஹில் உள்ள சட்டம். கொஞ்சம் நினைவும் கொஞ்சம் மறதியுமாக இருப்பவரின் நிலையை இமாம் அவர்கள் நேரில் கேட்டு விளக்குவார்கள். அதுவரை, அம்மா, அவரைத் திருத்தாதீர்கள். பக்கத்தில் நின்று நீங்கள் தொழுங்கள், அவர் பார்த்துச் செய்வார். செய்யாவிட்டாலும் விட்டுவிடுங்கள்.

இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் முதல், முதல் ஞாயிற்றுக்கிழமை காலை இந்த மண்டபத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறோம். பெண்களுக்குப் பின்வாசல். இரண்டாம் மாதம் காதுப் பரிசோதனைக்கும் ஏற்பாடு செய்யப் பேசி வருகிறோம், முடிவானதும் ஜும்ஆவில் அறிவிப்போம். மாத்திரை வாங்கக் கஷ்டப்படுகிறவர்கள் பைத்துல்மாலில் யாருக்கும் தெரியாமல் சொல்லலாம். மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடாதீர்கள்.

மோட்டாரைக் கழற்றி வைத்திருக்கும் மூன்று சகோதரிகளும் செவ்வாய்க்கிழமை மெஷினோடு வகுப்புக்கு வாருங்கள். பெல்ட் புதிதாக வாங்கி வைத்திருக்கிறோம், மெக்கானிக்கும் வருகிறார், நாங்களே மாட்டித்தருகிறோம். இப்போது சான்றிதழ் வழங்க நம் தலைவர் அவர்களை அழைக்கிறோம். வஸ்ஸலாம்.